வெந்நீர் எடுக்கப் போனவன்

பல்கலைக்கழகக் குழு ஒரு நாயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த பொருள் என் பட்டம். எங்கள் ஊருக்கு டிசம்பர்தான் கோடை; வெயிலில் மாடியறை வெந்துகொண்டிருந்தது. தலைக்கு மேல் ஒற்றை மின்விசிறி கடகடவென்று சுற்றி, சூட்டை எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் பங்கு போட்டது. நாய் என்பது கீழே வராந்தாவில் படுத்துக் கிடக்கும் பழுப்பு நாய். மாணவர்கள் அதற்கு டீன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் டீன் என்பதால் ஒருவரும் அதன் பெயரை வாயில் எடுக்கவில்லை. 'அந்தப் பிராணி' என்றே ஒரு மணி நேரத்தை ஓட்டினார்கள். அந்தப் பிராணி வகுப்பறைக்குள் வரலாமா, அதற்குத் தீனி போடுவது மாணவர் நலனில் சேருமா, அது யாரையாவது கடித்தால் எந்தத் துறை பொறுப்பு? கடைசியில் ஒரு துணைக்குழு அமைத்து விட்டுவிட்டார்கள். நாய்க்காவது துணைக்குழு கிடைத்தது.

நான் சுவரோரம் பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் குழுக் கூட்டம் ஊருக்கே திறந்தது. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், வாயை மட்டும் திறக்கக் கூடாது. மேசையைச் சுற்றிப் பேராசிரியர்கள், பட்டதாரிகளின் பிரதிநிதிகள், மாணவர் பிரதிநிதிகள். ஆளுக்கு ஒரு ஓட்டு. ஒரு காலத்தில் மாணவர்கள் அடி வாங்கி, மண்டை உடைந்து பெற்ற உரிமை இது என்று விழா மேடைகளில் தொண்டை அடைக்கப் பேசுவார்கள். ஒன்பது தலை இருந்தால்தான் கூட்டம் செல்லும். வருஷக் கடைசி என்பதால் அன்று வந்திருந்ததே ஒன்பது பேர்தான். அதில் ஒருத்தி மிலாக்ரோஸ், சுருக்கமாக மிலா, மாணவர் பிரதிநிதி, என்னிடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்தவள். நான் வாங்காத பட்டத்தைப் பற்றி ஓட்டுப் போட என் மாணவிக்கு உரிமை இருந்தது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை.

என் குற்றம் இதுதான். எங்களிடம் ஒரு விதி உண்டு: முன்பாடத்தில் தேறாமல் பின்பாடத்துக்கு உட்காரக் கூடாது. முதலில் பண்டைய வரலாறு, பிறகுதான் இடைக்கால வரலாறு. நான் தேர்வுக்கு வந்த வாரம் பண்டைய வரலாற்று அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். முகம் வீங்கி அவர் வீட்டில் கிடக்க, அவருடைய தேர்வு வெள்ளிக்குப் போனது. இடைக்காலம் சொன்னபடி புதனன்றே நடந்தது. "ரெண்டும் ஒரே வாரம்தானே, உட்காருங்க உட்காருங்க" என்றார் இடைக்காலத்துக் கிழவர். மூன்று பேராசிரியர்கள் முன்னால் வாய்மொழித் தேர்வு. புதனன்று பத்துக்கு ஒன்பது வாங்கினேன், வெள்ளியன்று எட்டு. அப்புறம் கல்யாணம், மகள், அம்மாவின் பக்கவாதம், கணவன் போன வழி என்று ஆய்வேடு கிடப்பில் கிடந்தது. இந்த வருஷம்தான் எழுதி முடித்தேன். பட்டம் கேட்டு விண்ணப்பித்தேன். வெள்ளிக்கு முன்னால் புதன் வருகிறது என்று கணினி கண்டுபிடித்துவிட்டது. ஒன்பது மதிப்பெண்ணும் ரத்து. யாரோ ஒருத்தியின் சொத்தைப் பல்லுக்காக!

மறுபடி எழுதித் தொலைக்கலாம் என்றால் பழைய பாடத்திட்டம் இந்த வருஷத்தோடு காலாவதி, தேர்வுகளும் முடிந்துவிட்டன. ஜனவரியிலிருந்து புதிய திட்டத்தில் பாதிப் படிப்பைத் திரும்பத் தொடங்க வேண்டும். மார்ச்சில் என் பள்ளியில் என் இடத்தை நிரந்தரமாக்குகிறார்கள். பட்டம் உள்ளவர்கள்தான் வரிசையில் நிற்கலாம். பதினான்கு வருஷமாகத் 'தற்காலிகமாக' நான் நிற்கும் கரும்பலகைக்கு முன்னால் வேறொருத்தி வந்து நிற்பாள். குழு மனது வைத்து இந்தப் பிழையை மன்னித்துத் தீர்மானம் போட்டால் தப்பித்தேன்.

மன்னிக்கச் சொல்லிப் பேசப் போகிறவன் எலியோ பாரியோஸ். டாக்டர் பாரியோஸ், இடைக்கால வரலாற்றுப் பேராசிரியர், குழு உறுப்பினர். அந்தப் புதன்கிழமை எனக்கு அடுத்தபடியாக அதே மேசைக்கு முன்னால் உட்கார்ந்தவன். அவனும் வெள்ளியன்றுதான் பண்டைய வரலாற்றில் தேறினான். பிராங்கு அரசர்களை ஒவ்வொருவராக அவன் மண்டையில் ஏற்றியவள் நான். அவனுக்கு ஆறு கிடைத்தது. அவன் பட்டம் கேட்ட காலத்தில் கணினி கிடையாது, கிழமையை யாரும் பார்க்கவில்லை. பட்டம் வாங்கியவர்களை வாசலில் நிறுத்தி முட்டையும் மாவும் கொட்டுவது எங்கள் வழக்கம். எலியோவின் தலையில் முதல் முட்டையை உடைத்தவளும் நான்தான். மஞ்சள் கரு மூக்கில் வழிய அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அந்தப் பட்டத்தின் மேல்தான் முனைவர் பட்டம், பதவி, வீடு, இந்த நாற்காலி எல்லாம் வந்து உட்கார்ந்தன.

முந்தின நாள் அவன் அறைக்குப் போயிருந்தேன்.

"ஒன்பது கை இருக்குடி அசு. எண்ணிட்டேன். லெதெஸ்மா மட்டும் கொஞ்சம் மொணமொணப்பாரு. கடைசியில அவரும் தூக்கிருவாரு."

"அந்தப் புதன்கிழமையப் பத்தி யாராச்சும் நோண்டினா?"

"யாரு நோண்டுவா? வருஷக் கடைசி. எல்லாருக்கும் கடற்கரைக்கு ஓடுற அவசரம். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும் பாரு."

இதைச் சொல்லும்போது அவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'நீயும்தானேடா' என்று நான் கேட்கவில்லை, 'நானும்தானே' என்று அவனும் சொல்லவில்லை. இத்தனை மாதமாக அந்த ஒரு வார்த்தையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தோம். வீட்டில் என் மகள் பிலார் இரண்டு டஜன் முட்டை வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டாள். அழுகின முட்டைதான் வேண்டுமென்று கடைக்காரரிடம் சண்டை வேறு போட்டாளாம்.

"அடுத்த பொருள்" என்றார் டீன் ஒத்திலியா. எலியோ எழுந்தான். சும்மா சொல்லக் கூடாது, அருமையாகப் பேசினான். பிழை அலுவலகத்துடையது, மாணவியுடையது அல்ல. இரண்டு பாடத்திலும் நல்ல மதிப்பெண். விதி அறிவைக் காக்கத்தானே தவிர அறிந்தவளைத் தண்டிக்க அல்ல. கேட்கக் கேட்க எனக்கே என் மேல் மரியாதை வந்தது. பேச்சுக்கு நடுவே அவன் கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. மேசையின் அந்த மூலைக்கு மாத்தே என்ற கசப்புத் தேநீர் ஊற்றுபவன் அவன்தான். இலை நிரப்பிய சுரைக்குடுவையில் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுப்பான், ஒருவர் குழலால் உறிஞ்சி முடித்துத் திருப்பிக் கொடுப்பார், அடுத்தவருக்கு ஊற்றுவான். போதும் என்கிறவர்கள் குடுவையைத் திருப்பும்போது நன்றி சொல்வார்கள். சொல்லாதவரைக்கும் அது வந்துகொண்டே இருக்கும். எனக்கும் ஒரு சுற்று வந்தது. பார்வையாளருக்குப் பேச்சுதான் கிடையாது, மாத்தே உண்டு.

டாக்டர் லெதெஸ்மா தொண்டையைச் செருமினார். "எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே? இன்னைக்கு இந்தம்மாவுக்குக் கதவத் தொறந்தா நாளைக்கு ஓட்டப் பிரிச்சுக்கிட்டு இறங்குவாங்க."

"டீச்சர் என்ன திருடவா வந்தாங்க?" மிலா பட்டென்று கேட்டாள். "பேராசிரியருக்குப் பல்லு வலிச்சதுக்கு இவங்க ஏன் வாயக் கட்டணும்?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டீனே உதட்டைக் கடித்துக்கொண்டார். லெதெஸ்மாவின் முகம் இளகியதை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம் அந்தப் பெண். இருபத்தொரு வயசு, ஜெயிக்கிற நேரத்தில் இன்னும் ஒரு படி ஏறித்தான் பார்க்கத் தோன்றும்.

"இன்னொண்ணு கேக்கறேன். அன்னைக்கு இவங்க மட்டுமா அந்த மேசையில உட்கார்ந்தாங்க? வேற யாருக்காச்சும் இதே பிழையோட பட்டம் கொடுத்திருந்தா இவங்களுக்கும் கொடுத்துத்தானே ஆகணும்? பழைய பதிவேடு கீழதான் இருக்கு. எடுத்து ஒரு பார்வை பார்த்துட்டா டாக்டர் லெதெஸ்மாவுக்கும் மனசு ஆறிரும்."

"அது நியாயம்" என்றார் லெதெஸ்மா.

"ஆள் அனுப்புறேன்" என்றார் டீன்.

எலியோ பிளாஸ்க்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினான். "தண்ணி தீர்ந்துபோச்சு. இதோ வந்துடறேன்." குடுவையை மேசையிலேயே வைத்துவிட்டு, என்னைத் தாண்டித்தான் கதவுக்குப் போனான். அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பிளாஸ்க்குக்குள் தண்ணீர் களக் களக்கென்று ஆடும் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

லெதெஸ்மா மேசையைச் சுற்றி விரலால் எண்ணினார். "டீன் மேடம், எட்டுப் பேர்தான் இருக்கோம்."

விதிப்படி அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தார்கள். ஒருவர் பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தார், கடற்கரை வாடகை எவ்வளவு ஏறிவிட்டது என்று பேச்சு போயிற்று. டீன் வாசல் ஊழியரை அனுப்பினார். அவர் திரும்பி வந்து, "வெந்நீர் மெஷின்கிட்ட நிக்கிறாரு மேடம். க்யூவாம், வந்துடறேன்னாரு" என்றார்.

"லீவு விட்ட காலேஜுல எந்தப் பேய் க்யூல நிக்குது?" என்றாள் மிலா. அவளுக்கு இன்னும் ஒன்றும் புரியவில்லை.

எனக்குப் புரிந்தது. நான் அந்த நாற்காலியில் இருந்தபடியே ஒரு பெயரைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கூட்டத்தை விட்டு வெளியேற்றுவார்கள், அவ்வளவுதானே? ஆனால் சொல்லிவிட்டு அவன் முகத்தில் எப்படி விழிப்பது என்று, பாருங்கள் கூத்தை, நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவன் உட்கார்ந்து கையைத் தூக்கியிருந்தால் இரண்டு பேரையும் ஒரே தீர்மானத்தில் மன்னித்திருப்பார்கள். பேராசிரியரின் பிழை என்றால் லெதெஸ்மாவே முந்திக்கொண்டு மன்னிப்பார். ஆளைப் பார்த்துத்தான் இங்கே விதி விறைக்கும். ஒருவேளை மன்னிக்காமலும் போகலாம். அந்த ஒருவேளைக்காக அவன் கீழே நிற்கிறான். அதற்கு விலையாக என் பதினான்கு வருஷத்தை வைத்துவிட்டான். படுபாவி!

"கூட்டம் கலைகிறது. இனிமே பிப்ரவரியிலதான்" என்றார் டீன். பிப்ரவரியில் மன்னிக்கப் பழைய பாடத்திட்டமே இருக்காது. என் பக்கம் திரும்பி, "ரொம்ப வருத்தம்மா. ஆனா உங்களுக்கு எதிரா யாரும் ஓட்டுப் போடல, அத மனசுல வெச்சுக்கங்க" என்றார். வெச்சுக்கறேன் மேடம். சட்டம் போட்டு மாட்டி வைத்துக்கொள்கிறேன்.

எல்லோரும் எழுந்து போனார்கள். மேசையில் அவன் குடுவை தனியாக இருந்தது. ஏனென்று தெரியவில்லை, அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். முற்றத்தில் காலையில் யாரோ பட்டம் வாங்கிய கொண்டாட்டம் காய்ந்து கிடந்தது. மாவுக் காலடிகள், முட்டை ஓடுகள். பழுப்பு நாய் தரையில் பொருக்கு தட்டிய மஞ்சள் கருவை நக்கிக்கொண்டிருந்தது. மிலா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"டீச்சர், விடக் கூடாது. மேல்குழுவுக்கு அப்பீல் போடலாம், இந்த வாரமே. நான் எழுதறேன். அன்னைக்கு அதே மாதிரி எழுதிப் பட்டம் வாங்கின ஒரே ஒருத்தர் பேரு போதும். அவருக்குக் கொடுத்தத இவங்களுக்கு ஏன் மறுக்கறீங்கன்னு கேப்போம்."

"அந்த ஆளுக்கு என்ன ஆகும்?"

"தெரியல டீச்சர். ஒண்ணு ரெண்டு பேருக்கும் உண்டு, இல்லன்னா ரெண்டு பேருக்கும் இல்ல. நீங்க ஏன் அவங்களப் பத்திக் கவலப்படறீங்க? ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க, யார் யாரு இருந்தாங்க?"

வராந்தாக் கோடியில், வெந்நீர் மெஷினுக்குப் பக்கத்தில் எலியோ நின்றிருந்தான். அவனைத் தவிர அங்கே ஒரு ஈ காக்கை இல்லை. எங்களைப் பார்த்ததும் போவதா வருவதா என்று கால் தடுமாறி, பிறகு வந்தான். பிளாஸ்க்கை மார்போடு அணைத்திருந்தான்.

"அசு, அங்க பெரிய..." என்று ஆரம்பித்தவன் மிலாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

நான் குடுவையை நீட்டினேன். அவன் மூடியைத் திருகித் தண்ணீர் ஊற்றினான். கொஞ்சம் சிந்தி என் விரலில் பட்டது, சுட்டது. இலை நமத்துப் போயிருந்தது, கசப்புகூட மிச்சமில்லை. அவசரப்படாமல் குடித்தேன். எத்தனை வருஷமாக இவன் கையால் குடித்திருக்கிறேன்! ஒரு தரம்கூட இவனிடம் நான் போதும் என்று சொன்னதில்லை. குழலில் காற்று வந்து களகளவென்று சத்தம் கேட்கும்வரை உறிஞ்சினேன்.

"இன்னொண்ணு ஊத்தவா?" என்றான். குரல் தாழ்ந்திருந்தது.

"நன்றி எலியோ" என்று குடுவையை அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கிக்கொள்ளவில்லை. நீட்டிய என் கை அப்படியே நின்றது. மிலா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, உள்ளங்கையை விரித்து, எழுதத் தயாராகப் பிடித்தாள்.