மூணு பக்கமும் நிரம்பணும்

ராபியா இன்லாந்து லெட்டரைக் கொண்டை ஊசியால் கிழித்துப் பிரித்தாள். இரண்டு பக்கம் வெறும் வெள்ளை. மூன்றாவதில், நட்டநடுவே, இரண்டே வரி. எதிரே நடையில் கஸ்தூரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து காலைப் படகில் ஏரியைத் தாண்டி வந்தவள். லெட்டர் வந்த நாள் என்றால் தலையில் கனகாம்பரம் இல்லாமல் வரமாட்டாள். மீன்கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இன்னா சொல்லுது எங்க வூட்டு ஆளு? படிம்மா" என்றாள்.

ராபியாவின் கண் அதற்குள் இரண்டு வரியையும் படித்துவிட்டிருந்தது. 'தசரதன் தை மாசமே படகிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோனார், உடம்பு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் நான்தான், மன்னியுங்கள், இளங்கோவன்.' இப்போது ஆடி.

தசரதன் எழுபத்தேழாம் வருஷம் அந்தமானுக்கு மோட்டார் படகு வேலைக்குப் போனவன். புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் எழுத்து வாசனை கிடையாது. அங்கே படகு முதலாளியிடம் கணக்கு எழுதும் இளங்கோவன் அவனுக்காக எழுதுவான். இங்கே பழவேற்காட்டில், எட்டாவதோடு வீட்டில் நிறுத்தப்பட்ட ராபியா கஸ்தூரிக்காக எழுதுவாள். ஆரம்பத்தில் அங்கிருந்து நாலு வரிதான் வரும். நலம், வேலை இருக்கிறது, மழை, உடம்பைப் பார்த்துக்கொள். அவ்வளவுதான். தசரதன் நேரிலும் அப்படித்தானாம், கேட்டதற்கு 'உம்' என்றால் அன்றைக்கு அதிகம் பேசிவிட்டான் என்று அர்த்தம். ஆனால் கஸ்தூரிக்கு நாலு வரி என்றாலே முகம் செத்துவிடும். குப்பத்துக்குத் தந்தி வந்தால் சாவுக்குத்தான் வரும், அதில் நாலு வார்த்தைக்கு மேல் இருக்காது. "எழவு சேதிதாம்மா சின்னதா வரும். நம்மளுது மூணு பக்கமும் நிரம்பணும். ஒரு வெரல் எடம் காலியா வுடாத" என்பாள்.

சொல்லிவிட்டு இரண்டு நிமிஷம் பேசுவாள். பிறகு, "அப்பாலிக்கு நீயே எதுனா போட்டுக்கோ" என்று வெற்றிலையை எடுத்துவிடுவாள். ராபியா போட்டாள். முகத்துவாரம் மண் மூடியதை, வலையில் இறால் விழுந்ததை, வாடைக் காற்றை எல்லாம் போட்டாள். ஒருநாள் ஒன்றும் தோன்றாமல் கஸ்தூரியின் வாசலில் ஒரு பூவரச மரத்தையே நட்டுவிட்டாள். அங்கிருந்து வந்த நாலு வரியைப் படிக்கும்போதும் அப்படித்தான். படகுக்காரனுக்குக் கூலி கொடுத்துவிட்டு வருகிறவளிடம் நாலு வரியைப் படித்து எழுப்பி அனுப்ப மனசு வருமா? நாலை நாற்பதாக்கினாள்.

மாசி பிறந்தது. மணியார்டர் நின்றது. லெட்டர் நீண்டது. மூன்று பக்கமும் நிரம்பி, மடிப்பு ஓரத்திலெல்லாம் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தது. ராபியா கூட்ட வேண்டிய வேலையே இல்லை, உள்ளதை உள்ளபடி படித்தாள். 'நம்ம வாசல் பூவரச நிழலில் நீ வலை முடைந்தது ஞாபகம் வருகிறது' என்ற வரியை வாய்விட்டுப் படித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்த வாசலில் ஏது பூவரசு? மணலும் கருவாடும்தான். அது தன் பேனாவில் முளைத்த மரம். எழுதுகிறவன் பக்கத்தில் தசரதன் இருந்திருந்தால், 'எந்த மரம்?' என்று அந்த ஒரு கேள்வியாவது கேட்டிருக்க மாட்டானா?

அன்றைக்கே கேட்டு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இரக்கத்தால் மட்டும் என்று சொன்னால் அது பொய். இருபத்தாறு வயசில் அவளுக்கென்று ஒருத்தரும் மூன்று பக்கம் எழுதியதில்லை. அந்த நீல லெட்டருக்குக் கஸ்தூரியைவிட அவள்தான் அதிகம் காத்திருந்தாள். பூவரசு பூத்தது என்று இவள் எழுதினாள், பூவைப் பொறுக்கி வை என்று இளங்கோவன் எழுதினான். பாவி, செத்தவன் வாசலில் உட்கார்ந்துகொண்டு அஞ்சு மாசம் இரண்டு பேரும் கதை அளந்திருக்கிறார்கள். நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது.

"இன்னாம்மா, கண்ணுக்கு தெரியலியா?"

"இல்லக்கா, எழுத்து பொடியா கீது." ராபியா தாளை முகத்தருகே தூக்கிக்கொண்டாள். 'அன்புள்ள கஸ்தூரிக்கு' என்று ஆரம்பித்தாள். காற்று மாறியதைச் சொன்னாள். படகு இன்ஜின் ரிப்பேர் என்றாள். தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்றாள். நிறுத்தினால் அந்த இரண்டு வரிதான் மிச்சம் என்ற பயத்தில் நிறுத்தத் தெரியாமல் படித்துக்கொண்டே போனாள். தாளைத் திருப்பக்கூட மறந்துபோனாள். கடைசியில் வார்த்தை தீர்ந்தது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிதுக்கா."

கஸ்தூரி கையை நீட்டித் தாளை வாங்கினாள். வெள்ளையாகக் கிடந்த பக்கங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனுக்கு எழுத்துதாம்மா தெரியாது. மை தெரியும்" என்றாள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "முன்னல்லாம் நாலு வரிய நீ அர மண்ணேரம் படிப்ப. பாவம், நம்ம மனசு நோவக்கூடாதுனு படிக்குதுனு கம்முனு கெடந்தேன். அந்த மரத்த படிச்ச பாரு, அன்னிக்கே என் வவுறு பத்திக்கிச்சு. நீயும் ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. லெட்டர் வர்ற வரைக்கும் வரட்டுமேனு இருந்துட்டேன்."



கஸ்தூரி தலைக்குப் பின்னால் கையை விட்டுக் கனகாம்பரத்தை உருவினாள். முடியில் சிக்கிக்கொண்டது, பொறுமையாக விடுவித்து, சுருட்டி, மீன்கூடையின் மூலையில் வைத்தாள். பிறகு தாளை மடியில் விரித்துச் செதில் ஒட்டியிருந்த விரலை முதல் வரியின் முதல் எழுத்தில் ஊன்றினாள்.

"இங்கேர்ந்து படி. எவ்ளோ கீதோ, அவ்ளோதான் படிக்கணும்."

விரலின் ஈரம் பட்டு நீல மை மெல்லக் கசிய ஆரம்பித்திருந்தது.