கடற்காற்று திரும்பிய காலை

நாணல் நுனிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வடக்கே சாய்ந்ததைப் பார்த்ததும் குல்ஷரா கழியைத் தண்ணீரில் ஊன்றினாள். அதற்குள் இரண்டு சாண் ஏறியிருந்தது. காஸ்பியன் கடலிலிருந்து காற்று அடித்தால் இந்தச் சதுப்பில் அப்படித்தான். அலை இருக்காது, இரைச்சல் இருக்காது, தண்ணீர் பாட்டுக்கு வந்து நிறையும். அல்மாத்தி நகரத்திலிருந்து படமெடுக்க வந்த ஏர்போல் காமிராவோடு படகை விட்டு இறங்கி நாற்பது நிமிடமாகிவிட்டது. மணல்திட்டைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் இறக்கினாள். இப்போது அந்தத் திட்டையே காணோம்.

படகில் அவன் மனைவி மோல்திர் மட்டும் இருந்தாள். "அக்கா, நாம போய்த் தேடலாமே?"

"எந்தப் பக்கம்னு போறது? அவரு இங்க வந்து நம்மளத் தேடுவாரு. நகரக் கூடாது."

"அப்ப நான் கத்துறேன்."

மோல்திர் எழுந்து வாயைத் திறந்த கணத்தில் குல்ஷராவின் கை அதைப் பொத்திவிட்டது. நாணலுக்கு அந்தப் பக்கம் எண்பத்தேழு கூடுகள் இருந்தன. போன வருடம் நாணல் எரிந்த தீயில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த வருடம் கூழைக்கடாக்கள் திரும்பி வந்ததிலிருந்து சரணாலயக் காவலாளி குல்ஷரா விசிலைக்கூட வீட்டில் வைத்துவிட்டுத்தான் வருகிறாள். ஒரு சத்தம் போதும், அத்தனையும் எழும்பிவிடும். குளிர்காற்றில் முட்டைகள் விறைக்கும். விறைக்கும்வரை விட்டுவைக்காமல் கடற்காகங்கள் கொத்தித் தின்னும்.

கைக்குள் அந்தப் பெண்ணின் மூச்சு சுட்டது. கண்கள் அவளையே வெறித்தன. தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் குல்ஷராவுக்கு உறைத்தது. கையை எடுத்தாள்.

"அக்கா, அது பறவை," என்றாள் மோல்திர், அழாமல். "அவரு மனுஷன்."

குல்ஷரா படகில் தேங்கும் நீரை இறைக்கும் தகர வாளியைக் கவிழ்த்து, இரும்புக் கொக்கியால் ஓங்கி அடித்தாள். முதல் அடியிலேயே நாணலுக்கு அப்பால் வானம் வெள்ளையாகக் கிளம்பியது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தாள். தோள் கடுத்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை.

"அக்கா! அங்க!"

மார்பளவு தண்ணீரில் ஏர்போல் நாணலைப் பிடித்துப் பிடித்து வந்தான். காமிரா இல்லை, ஒரு காலில் பூட்சும் இல்லை. இருவரும் இழுத்துப் போட்டார்கள். பற்கள் கிடுகிடுத்ததில் அவனால் பேச முடியவில்லை. "பத்து நிமிஷம்னு சொன்னியேடா, பாவி," என்று முதுகில் குத்திக் குத்தி, கடைசியில் அந்த முதுகிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள் மோல்திர்.

குல்ஷரா தன் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவன்மேல் எறிந்துவிட்டுக் கழியை எடுத்தாள். கூடுகள் இருந்த பக்கம் கடற்காகங்களின் கூச்சல் கூடிக்கொண்டிருந்தது.

"அதுங்க திரும்பி வந்துருமா, அக்கா?" முகத்தைத் தூக்கி மோல்திர் கேட்டாள்.

குல்ஷரா அண்ணாந்தாள். கூட்டத்திலிருந்து ஒரு கூழைக்கடா மட்டும் பிரிந்து, வட்டமிட்டுத் தாழ்ந்து, இறங்கக் கால்களை நீட்டியது. நீட்டிய கால்களோடு காற்றில் ஆடியபடி அங்கேயே நின்றது.