இரண்டு சிவப்புக் குவியல்

ஜெகதீஸ்வரிக்கு ஒரு கணக்கு மட்டும் பிடிபடவேயில்லை. பாரிஸின் ரூ பெர்தொனே தெருவில் இருக்கும் அவளது தையல் கடைக்கு வருகிற கடைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் வர்த்தகர் சங்கத் தலைவர் குணரத்தினத்தைத் திட்டிவிட்டுத்தான் போவார்கள். ஆனாலும் ஒவ்வொரு தேர்தலிலும் அவனே வென்றான்.

அவனை விழுத்தவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையில்லை. கணவர் தவரத்தினம் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பினால் கோயில் தேரன்று தேங்காய் உடைப்பதாக நேர்ந்திருந்தாள். அவரும் திரும்பினார். வாசலில் குவித்த தேங்காய்களை, தேர் தெருமுனைக்கு வருமுன்னரே, ‘சங்கத்தின்ரை அனுமதிக் கடதாசி எடுக்கேல்லை’ என்று குணரத்தினம் ஆள் விட்டு அள்ளுவித்தான். சக்கர நாற்காலியிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

2016 புரட்டாசியில், இரவிக்கை தளர்த்த வந்த மரி-லூயிஸ் கேட்டாள்: “என்னங்க மதாம், ஊசியால யாரை இப்படிக் குத்துறீங்க?” புதுச்சேரிக்காரி, லிசே உயர்பள்ளியில் சரித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள்.

“குணரத்தினத்தை. ஜேர்மனியிலை முழுச் சனமும் ஹிட்லருக்குப் போட்ட மாதிரி இஞ்சையும் போடுகினம் போலை.”

“தப்பு!” மரி-லூயிஸ் பொத்தான் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு நவம்பர் தேர்தல்ல அவனுக்கு விழுந்தது மூணுல ஒரு பங்குதான். இந்தக் கறுப்புக் குவியல். தோத்த போரோட அவமானம், எங்க பார்த்தாலும் வேலையில்லாத ஆளுங்க. எல்லாத்துக்கும் யூதர்தான் காரணம்னு சுலபமா ஒரு விடை சொன்னான்.”

“இவனும் யாவாரம் படுத்ததுக்கு வங்காளிக் கடையள்தான் காரணம் எண்டவன்.”

“ஆனா அது நாற்காலிக்குப் போதாதுங்க. இந்தச் சிவப்புல ரெண்டு குவியல் பாருங்க. இது சோசலிஸ்ட், இது கம்யூனிஸ்ட். சேர்த்தா கறுப்பைவிடப் பெரிசு. ஆனா அவனைவிட ஒருத்தரை ஒருத்தர்தான் அதிகம் வெறுத்தாங்க.”

“பிறகு?”

“பிறகு ரெண்டு பேரும் அவனோட ஒரே வதைமுகாம்ல கிடந்தாங்க.” இரண்டு தங்கப் பொத்தான்களைக் கறுப்பின் பக்கம் நகர்த்தினாள். “இவங்க பழைய பெரிய மனுசங்க. அவன் கத்தட்டும், ஆட்டிவைக்கிறது நாமன்னு நாற்காலியை இவங்கதான் குடுத்தாங்க.”

“எங்கடை நகைக்கடைப் பொன்னம்பலத்தார்தான் இவனையும் ஏத்தி வைச்சவர்! இப்ப அவரே தேங்காய்க்கு அனுமதி கேட்டு நிக்கிறார்.”

“சரி, உங்க தெருவில ரெண்டாவது சிவப்புக் குவியல் யாரு?”

ஜெகதீஸ்வரி எதிரே இருந்த உணவகத்தைப் பார்த்தாள். தேர் முதலில் யார் வாசலில் நின்று தேங்காய் வாங்குவது என்ற சண்டையில் அவளுக்கும் உணவகக்காரர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. அன்றுமுதல் தேர்தலில் இருவருமே நின்றார்கள்; இருவருமே தோற்றார்கள்.

ஊசியை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள்.

“என்ன, வழி தவறி வந்திட்டியளோ?” கொத்துரொட்டித் தகட்டிலிருந்து அவர் நிமிரவில்லை.

“அண்ணை, உங்களை எனக்குப் பிடிக்காது.”

“எனக்கும் உங்களைப் பிடிக்காது. வேறை என்ன?”

“குணரத்தினத்தை?”

தகட்டில் சத்தம் நின்றது. “போன தேருக்கு என்ரை தேங்காயையும் அள்ளினவன்.”

“இந்தமுறை நான் நிக்கேல்லை. என்ரை ஆக்கள் உங்களுக்குப் போடுவினம்.”

அவர் சந்தேகத்தோடு பார்த்தார். “தேர் முதல் ஆரின்ரை வாசலிலை நிக்கும்?”

“உங்கடை வாசலிலை. ஆனா அந்த அனுமதிக் கடதாசியை அவன்ரை கையாலையே கிழிக்க வைக்கோணும். எல்லாரும் பாத்துக்கொண்டிருக்க. நான் முன்வரிசையிலை இருப்பன்.”

“ஓம்,” என்றார் அவர். முதல் தடவையாகச் சிரித்தார். “இருங்கோ, கொத்து ஒண்டு கட்டித் தாறன்.”

ஐப்பசித் தேர்தலில் குணரத்தினத்துக்கு வழக்கமாக விழும் வாக்குகள் ஒன்றும் குறையாமல் விழுந்தன. ஆனாலும் தோற்றான். எல்லார் முன்னாலும் அவன் அனுமதிக் கடதாசியைக் கிழித்ததை ஜெகதீஸ்வரி கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பிடிபடாதிருந்த கணக்கின் விடை இவ்வளவுதான்: இந்தமுறை அவனுக்கு எதிராக ஒருவர் மட்டுமே நின்றார்.