சீட்டு ஒட்டிய வீடு

குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த நீலச் சீட்டைக் கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள் ஸெலிஹா. உள்ளறையில் அவள் கணவர் ரிஃபாத் வெள்ளைப் போர்வைக்கடியில் கிடந்தார். உயிர் பிரிந்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. நண்பகல் தொழுகை முடிந்ததும் ஜெர்மனியின் இந்த டூயிஸ்பர்க் நகரத் துருக்கியரில் பாதிப்பேர் துக்கம் கேட்க வந்துவிடுவார்கள். அதற்குள் சீட்டுகளையெல்லாம் எடுத்துவிடும்படி சொல்லிவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டிருந்தான் கொழுந்தன் ஸாப்ரி.

"வீடு பாலர் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கு அண்ணி. வர்றவங்க அண்ணனைப் பத்திப் பேச மாட்டாங்க. இதைப் பத்தித்தான் பேசுவாங்க."

கதவில் சிவப்பு, நாற்காலியில் நீலம், ஜன்னலில் பச்சை. ஜெர்மானியர் மொழியில் கதவு பெண், நாற்காலி ஆண், ஜன்னல் இரண்டுமில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் அதற்குரிய சின்னச் சொல்லை வைத்தாக வேண்டும். ஏன் என்று கேட்டால் விடை கிடையாது. மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். மகளிர் மொழி வகுப்பு ஆசிரியை திருமதி ஹெல்ஷர், நிறம் பிரித்துச் சீட்டெழுதி ஒட்டச் சொல்லியிருந்தார். ஐம்பத்தாறு வயதில், இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்த நாட்டில், தன் வீட்டுச் சாமான்களின் பெயரை முதன்முதலாக எழுதினாள் ஸெலிஹா.

பெண்ணுக்கு இந்த மொழி எதற்கு என்று கேட்டவர்கள், பெண்ணுக்கு வாய் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை. அவர்கள் காட்டிய கருணை அவ்வளவுதான். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ரிஃபாத் பேசுவார். அவள் இரண்டடி பின்னால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்பதை அடக்கம் என்று ஊர் புகழ்ந்தது. அடக்கிவைத்ததற்கு அடக்கம் என்று பெயர்.

வகுப்புக்குப் போகிறேன் என்று அவள் சொன்ன நாளில் ரிஃபாத் சிரித்தார். "மேசை ஆம்பளையா பொம்பளையான்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போற? கல்யாணம் பண்ணி வைக்கப்போறியா?" தன் நாற்காலியில் ஒட்டியதை மூன்று முறை கிழித்தார். நான்காம் முறை கிழிக்கவில்லை. உருக்காலைத் தூசி அரித்த நுரையீரலுக்காகப் பிராணவாயுக் கருவி வீட்டுக்கு வந்த அன்று, ஒரு நீலச் சீட்டை எடுத்துத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, "என்னையும் எழுதி வெச்சுக்கோ, மறந்துடப்போற" என்றார்.

வகுப்பு தொடங்கிய நான்காம் மாதம், மருத்துவமனையில் அவர் பேசியதை அவள் முதன்முறையாகப் புரிந்துகொண்டாள். நான் மூச்சு இல்லை. நீ மருந்து கொடு. அவர் பேச்சில் அந்தச் சின்னச் சொற்கள் ஒன்றுகூட இல்லை. உலையின் இரைச்சலுக்கு நடுவே கத்திப் பேசப் போதுமாயிருந்த பேச்சு அது. எதிரே இருந்த பெண் குரலை உயர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். இருபத்தெட்டு ஆண்டுகளாக எல்லா அலுவலகங்களிலும் அவரிடம் இப்படித்தான் பேசியிருக்கிறார்கள் என்று ஸெலிஹாவுக்கு அன்றுதான் தெரிந்தது. தனக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.

இப்போது ஸாப்ரி பள்ளிவாசல் மூலமாக விமானத்துக்கு ஏற்பாடு செய்யப் போயிருக்கிறான். உடல் துருக்கியில் சொந்த ஊரான ஸாம்ஸூனுக்குப் போகும். மகள் அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அண்ணியையும் அங்கேயே விட்டுவிடுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். ஆறு மாதம் ஜெர்மனிக்கு வெளியே இருந்தால் இங்கே தங்கும் அனுமதி தானாக முடிந்துவிடும். யாரும் அவளைத் துரத்த வேண்டியதில்லை. திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மணி அடித்தது. இறப்பை உறுதிசெய்ய வந்த மருத்துவர். நரைத்த, களைத்த மனிதர். உடலைப் பார்த்து முடித்து, சமையலறை மேசையில் படிவத்தை விரித்தார். கடைசியாக யார் உடனிருந்தது, எப்போது, என்ன நடந்தது என்று கேட்டார்.

ஸெலிஹா வாய் திறந்தாள். இருமல் ஆணா, பெண்ணா? வகுப்பில் படித்ததுதான். இருமலுக்கு எந்த நிறமும் நினைவுக்கு வரவில்லை. ரொட்டிக் கடையிலும் இப்படித்தான்: சின்னச் சொல்லைத் தேடி முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். "வீட்ல பேசத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"நான் இருக்கேன்" என்றாள் ஸெலிஹா.

சின்னச் சொற்களைத் தேடுவதை நிறுத்தினாள். தெரிந்தது வந்த இடத்தில் வைத்தாள். தெரியாத இடத்தை வெறுமையாக விட்டாள். நாலு மணிக்கு இருமல். தண்ணீர் கேட்டார், ஒரு வாய் குடித்தார். கருவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. என் கையைப் பிடித்திருந்தார். ஐந்தேகாலுக்கு அந்தக் கை கனமானது.

மருத்துவர் எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. சரிதான் என்றாள்.

ஸாப்ரி வந்தபோது பதினொன்று. மேசைமேல் இருந்த சான்றிதழை எடுத்துப் பார்த்தான்.

"நேரமெல்லாம் போட்டிருக்கு. டாக்டர்கிட்ட யார் பேசினது?"

"நான்தான்."

அவன் சீட்டு இன்னும் ஒட்டியிருந்த அடுப்பைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். பிறகு, நாளைக் காலை விமானத்தில் இரண்டு இருக்கை சொல்லியிருப்பதாகவும், அவளுக்குப் போவதற்கு மட்டும் போதும் என்று நினைத்ததாகவும் சொன்னான்.

"திரும்பி வர்றதுக்கும் வாங்கு."

"தனியா இங்க என்ன பண்ணுவீங்க அண்ணி? அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

"அவர் இருந்தா நீ இதைக் கேட்டிருக்கவே மாட்ட."

ஸாப்ரி தொப்பியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டான். நாற்பதாம் நாள் ஓதல் முடியும்வரையாவது ஊரில் இருக்க வேண்டும் என்றான். இருக்கிறேன் என்றாள். சரி, திரும்பும் தேதி போட்டே வாங்குகிறேன் என்று சொல்லித் தொலைபேசியை எடுத்தான். மாடிப்படியில், தொழுகைக்கு முன்பே துக்கம் கேட்க வந்துவிட்ட சிலரின் காலடிகள் கேட்டன. ஸெலிஹா தலைத்துணியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

நாற்பத்திரண்டாம் நாள் மாலை, டூயிஸ்பர்க்கில் பெட்டியுடன் டிராமிலிருந்து இறங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. தெருவாசலில் வரிசையாயிருந்த பெயர்ப் பலகைகளில் ரிஃபாத்தின் பெயருக்கு நேரேயிருந்த மணிப் பொத்தானைப் பழக்கத்தில் அழுத்திவிட்டு, பெட்டியைக் காலருகே இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். மேல்மாடியில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. டிராம் போய் அடுத்த டிராமும் வந்து போயிற்று. அதன் பிறகு குனிந்து, கைப்பைக்குள் சாவியைத் தேடினாள்.