கந்தல்மேட்டுப் பட்டன்கள்

அருங்காட்சியகத்தின் பின்னறைக்கு அன்று கடைசியாக வந்தவர் அவளுடைய அத்தான், அக்காவின் கணவர். காலையிலிருந்து பதினெட்டுப் பேர் கொண்டுவந்த பழம்பொருள்களைப் பார்த்து முடித்திருந்தாள். அதில் பதினேழு பேரிடம் "இது அவ்வளவு பழசு இல்லைங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர்கள் முகம் சுண்டுவதைப் பார்த்துப் பார்த்தே ஆள் ஓய்ந்துபோயிருந்தாள்.

அத்தான் ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தார். நாற்பத்தொரு பித்தளைப் பட்டன்கள்.

"நாலு மாசமா மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கிட்டு நிலம் பூரா நடந்தேன். இடுப்பு கழண்டுபோச்சு. பாரும்மா, வாத்தியாரம்மா."

எதைக் கேட்டாலும் விளக்கத் தொடங்கிவிடுவாள் என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பட்டப்பெயர்.

அவர் ஏன் நடந்தார் என்று அவளுக்குத் தெரியும். புதுச் சாலைக்கான அளவுக்கல்லை அக்காவின் சமையலறைச் சுவரை ஒட்டி நட்டிருந்தார்கள். வீட்டை ஒட்டிய நிலம் பழைய போர்க்களம் என்று அருங்காட்சியகம் எழுதிக் கொடுத்தால் சாலை வளைந்து போகும், வீடு தப்பும். எழுத வேண்டிய கை அவளுடையது.

"பளபளன்னு இருக்கே, என்ன பண்ணீங்க?"

"எலுமிச்சம்பழச் சாறுல ஊறவச்சுத் தேச்சேன்."

"போச்சு! முலாமும் போச்சு, பின்னாடி இருந்த எழுத்தும் பாதி போச்சு. டிடெக்டர் வாங்குற எல்லாரும் இந்தத் தப்பைத்தான் பண்றீங்க."

"உங்கக்காதான், அழுக்கோட கொண்டுபோய் என் மானத்தை வாங்காதீங்கன்னா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒன்றைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள். பட்டன் கைக்கு வந்துவிட்டால் எத்தனை அலுப்பிலும் வாய் நிற்காது.

"முகத்தைப் பார்க்காதீங்க, முதுகைப் பாருங்க. பழைய சின்னத்தைப் புதுப் பட்டன்லயும் அடிப்பான். முதுகுல ஏமாத்துறது கஷ்டம். இந்த வளையம் துணியில தைக்கிறதுக்கு. ரொம்பப் பழசுன்னா பட்டனும் வளையமும் ஒரே வார்ப்பா இருக்கும். இங்க கம்பியை வளைச்சுத் தனியா பத்தவச்சிருக்கான். விளிம்புல முன்தகட்டைப் பின்தகட்டு மேல மடிச்சிருக்கான், மெஷின் வேலை. முகத்துல ஏழுன்னு எண் இருக்கா? சிப்பாய்க் கோட்டுப் பட்டன், படைப்பிரிவுக்கெல்லாம் எண் இருந்த காலம். அப்புறம் எண்ணை எடுத்துட்டு எல்லாருக்கும் ஒரே சின்னம் குடுத்துட்டாங்க. எப்படிப் பார்த்தாலும் நூத்திமுப்பது வருஷம் ஆச்சு."

"அப்ப பழசுதான்!"

"பழசுதான்."

அத்தான் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் எண் வாரியாகப் பிரித்தாள். ஏழு, பத்தொன்பது, முப்பத்துமூன்று, ஐம்பத்திரண்டு... இருபத்தாறு வெவ்வேறு எண்கள் வந்தன. கை மெதுவாயிற்று.

"இத்தனை பிரிவும் ஒரே நிலத்துலயா?"

"பெரிய சண்டை போல."

"எல்லாம் ஒரே சேனை, அத்தான். தனக்குள்ளயேவா அடிச்சுக்கிட்டான்? குண்டு ஏதாவது கிடைச்சுதா? லாடம்? பெல்ட் கொக்கி?"

"ஒண்ணும் இல்லை. கந்தல்மேடு பூரா பட்டன்தான்."

"என்ன மேடு?"

"அந்த நிலத்துக்கு எங்க வீட்டுல அதான் பேரு. விளைச்சல் கந்தல், அதனால."

டப்பாவின் மூலையில் கழுவாத பட்டன் ஒன்று மண்ணோடு ஒட்டியிருந்தது. அதன் வளையத்தை ஊசியால் மெல்லக் கிளறினாள். உள்ளே கம்பளி இழைகள். பித்தளையில் ஏறும் பச்சைக் களிம்பு இழையை அழுகவிடாது. ஒரு கோட்டிலிருந்து வந்திருந்தால் ஒரே நிறம் இருக்க வேண்டும். இங்கே சிவப்பும் நீலமும் சாம்பலும் சிக்குப்பிடித்துக் கிடந்தன.

"உங்க கொள்ளுத்தாத்தா அங்க என்ன எரு போட்டாரு?"

"மில்லுல பழைய கம்பளித் துணியைக் கிழிச்சு நூலெடுப்பாங்களாம். அதுல மிஞ்சுற குப்பையை வண்டி வண்டியா வாங்கிக் கொட்டுவாராம். அந்த நாத்தத்துக்குப் பயந்தே வீட்டுக்கு ஒருத்தரும் பொண்ணு குடுக்கலைன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார்.

அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. படைப்பிரிவு எண்களை எடுத்த பிறகு சிப்பாய்களின் பழைய கோட்டெல்லாம் கந்தலாக மில்லுக்குப் போயிருக்கும். அறுக்காமல் விட்ட பட்டன்கள் குப்பையோடு மேட்டுக்கு வந்திருக்கும். வந்தவன் சிப்பாய் இல்லை, வண்டிக்காரன்.

"கொள்ளுத்தாத்தா விதைச்சதைத்தான் நாலு மாசமா அறுவடை பண்ணியிருக்கேன்," என்றார் அத்தான்.

அவள் படிவத்தை எடுத்தாள். முதல் கட்டம், பொருளின் காலம். அடுத்தது, நிலத்தோடு தொடர்பு.

"காலத்தை மட்டும் எழுதேன். அது பொய்யில்லையே? கீழே ஒரு கோடு போட்டு விட்டுடு. அந்தக் கடைசிப் பட்டனையும் வேணும்னா கழுவிடறேன்."

பொய்யில்லைதான். தெரியாதபோதெல்லாம் அங்கே கோடு போட்டிருக்கிறாள். இன்றைக்குத் தெரிந்துவிட்டது. அக்காவின் சமையலறைச் சுவர் கண்முன் வந்து நின்றது. "நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல்" என்று எழுதினாள். பேனா அடுத்த கட்டத்தின் மேலேயே வெகுநேரம் நின்றது. பிறகு, "எருவோடு வந்தவை" என்று எழுதிக் கையெழுத்திட்டாள்.

அத்தான் தலைகீழாகவே அதைப் படித்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. பட்டன்களை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார்.

"நானே வந்து அக்காகிட்ட சொல்றேன், அத்தான்."

"வேண்டாம். பட்டனெல்லாம் புதுசாம்னு சொல்லிடறேன். கந்தல் கதையைச் சொன்னா, எழுதாம விட்டிருக்கக் கூடாதான்னு அவ உன்னைத்தான் திட்டுவா."

புதுசா? கம்பி வளையம், மடித்த விளிம்பு, நூற்று முப்பது வருஷம் என்று சொல்ல வாயெடுத்தாள். மூடிக்கொண்டாள்.

"சரி, அத்தான். புதுசுன்னே சொல்லிடுங்க."