கரீம் பாயின் கறுப்புக் காப்பி

துக்கம் விசாரிக்க வந்த பெண்களுக்கெல்லாம் மெஹர் பானுவின்மேல் ஒரே ஒரு குறைதான். அவள் அழவில்லை. அனந்தபுரம் சந்தையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த புருஷனை லாரியில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கியபோதும் அழவில்லை. குளிப்பாட்டி, கபன் துணி சுற்றித் தூக்கிக்கொண்டு போனபோதும் அழவில்லை. வந்தவர்கள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தாங்களே அழுது தீர்த்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டே ஓரக்கண்ணால் அவளைப் பார்த்தார்கள். தெருமுனை திரும்பியதும் "கல்லு மனசு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகும், கிள்ளினாலும் தெரியாது. அவளுக்கு உடம்பு மொத்தமும் அப்படி மரத்துக் கிடந்தது. சோறு வைத்தால் சாப்பிட்டாள். உப்பு, புளி, உறைப்பு ஒன்றும் நாக்குக்குத் தெரியவில்லை. ஒருநாள் நாத்தனார் ஜாஹிதா பேகம் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டு, தான் ஒரு வாய் வைத்ததும் "ஐயையோ" என்று கத்தினாள். அதற்குள் பானு பாதித் தட்டைக் காலி செய்திருந்தாள்.

புருஷன் இறந்தால் பெண் நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அதற்கு இத்தா என்று பெயர். பூ கூடாது, அத்தர் கூடாது, அந்நிய ஆண்கள் எதிரில் வரக் கூடாது, உதடு சிவக்கும் என்பதால் வெற்றிலை கூடாது. மற்றதெல்லாம் அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. வெற்றிலை மட்டும் பழகின பழக்கம். கை தானாக மாடத்துக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும். வெற்றிலைப் பெட்டியை ஜாஹிதா பேகம் முதல் நாளே பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

நாற்பதாம் நாள் பாத்திஹா நெருங்கியது. இறந்தவருக்குப் பிரியமான பண்டங்களை முன்னால் வைத்துப் பள்ளிவாசல் ஹஜரத் ஓதுவார். ஓதியதை வந்தவர்கள் எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவார்கள். ஜாஹிதா பேகம் இறந்தவரின் அக்காள், பேச்சிலும் காரியத்திலும் சூரி. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெய்ச்சோறும் கறியும் ஆக்கிடலாம் பானு. தம்பிக்குப் புடிச்சது வேற இன்னா வெக்கலாம், சொல்லு."

"அவரு காப்பி வெக்கணும்."

பல நாளைக்குப் பிறகு அவள் தானாகச் சொன்ன வார்த்தை. ஜாஹிதாவுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. "அதுக்கென்ன, பாலு சொல்லி வெச்சிடறேன்" என்றாள்.

"பால் காப்பி இல்லக்கா. அவரு காப்பி."

முறம் ஜாஹிதாவின் கையில் நின்றுவிட்டது. "அந்தக் கரிக் கஷாயமா? நாலு பேரு வந்து குந்தற எடத்துல அத்த வெப்பாங்களா? இன்னா பேச்சு இது!"

அவள் சொன்னதிலும் ஞாயம் இருந்தது. கரீம் பாய் பிரெஞ்சுக்காரன் கப்பலில் அடுப்படி வேலை பார்த்தவர். பாண்டிச்சேரியில் அவர்கள் கொடி இறங்கிய வருஷம் அவரும் கப்பலை விட்டு இறங்கிச் செஞ்சிக்கு வந்து, பானுவைக் கட்டிக்கொண்டு, பத்து வருஷமாகச் சந்தை சந்தையாக அலுமினியப் பாத்திரம் விற்றார். அமாவாசைக்கு மேல்மலையனூர், வாரத்தில் ஒருநாள் அனந்தபுரம், மற்ற நாளில் வல்லம் பக்கம். அவர் விற்காத அலுமினியம் ஒன்றே ஒன்று வீட்டில் இருந்தது. எட்டுப் பட்டை பிடித்து, இடுப்பு சிறுத்து, மூக்கும் மூடியும் வைத்த ஒரு சின்னக் கூஜா. இத்தாலியில் ஏதோ துறைமுகத்தில் வாங்கியது. கீழ்ப்பாதியில் தண்ணீர், இடுப்பில் ஓட்டைத் தட்டு, அதில் காப்பித்தூள். அடுப்பில் வைத்தால் ஆவி நெருக்க நெருக்கத் தண்ணீர் தூளுக்குள் புகுந்து, மேல்பாதியில் கறுப்பாக ஏறி நிற்கும்.

"ஃபில்டர்ல எறங்கறது சோம்பேறிக் காப்பி, பானு. இது ஏர்ற காப்பி. எஸ்பிரஸோ" என்பார்.

ஊரெல்லாம் பாலை ஊற்றி, நுரை பொங்க ஆற்றிக் குடிக்கையில், இவர் பாலும் விடாமல் சர்க்கரையும் போடாமல் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்போது கடன்காரன் வந்து கூப்பிட்டாலும் காதில் விழாது. பானுவுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றுவார். அவள் மூச்சைப் பிடித்து ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கையில் தயாராக மடித்து வைத்திருக்கும் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்வாள்.

"இனிக்குதா?"

"கசக்குது."

"கசக்கத்தான் கசக்கும். அது போனப்புறம் இனிக்கணும். நெல்லிக்கா துன்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்கிதில்ல, அப்பிடி."

"எனுக்கு ஒண்ணும் இனிக்கல."

"நாளைக்கி இனிக்கும்."

கல்யாணமான மறுவாரத்திலிருந்து தினமும் காலையில் இதே பேச்சு. அவருக்குச் சலித்ததே இல்லை. "கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று ஜாஹிதா பேகம் கேலி செய்தால் கரீம் பாய் சிரித்துக்கொள்வார். மறுநாள் மறுபடியும் இரண்டு கிண்ணம் எடுத்து வைப்பார். ஆனால் கூஜாவை மட்டும் பானுவைத் தொட விடமாட்டார். அதனால் இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவளுக்கு அந்தக் காப்பி போடத் தெரியாது.

அவளுக்கு வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. அழச் சொன்னார்கள், முடியவில்லை. துஆ கேட்கச் சொன்னார்கள், உதடு அசைந்ததே தவிர மனசு அசையவில்லை. அவருக்கு என்று தான் செய்யக்கூடியது இது ஒன்றுதான் என்று பட்டது. இதையும் செய்யாவிட்டால், பத்து வருஷம் ஒருத்தரோடு குடித்தனம் பண்ணினோம் என்பதற்கு என்ன அர்த்தம்? அன்று சாயங்காலமே கூஜாவை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, டப்பாவில் மிச்சமிருந்த தூளைப் போட்டுத் திருகி, கரி அடுப்பில் வைத்தாள்.

காப்பி ஏறவில்லை. இடுப்பைச் சுற்றி உஸ்ஸென்று ஆவி பீறிட்டுக் கரியை நனைத்தது. பிரித்துப் பார்த்தால், இரண்டு பாதியும் சேரும் இடத்தில் இருந்த ரப்பர் வளையம் காய்ந்து வெடித்து, விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது.

"அல்லாவே வேணாங்கறாரு, உட்டுடு" என்றாள் ஜாஹிதா.

"காப்பிக்கொட்டைக் கடை நயினாரைக் கூப்டு அனுப்பு, அக்கா" என்றாள் பானு.

அஜிததாஸ் நயினார் மறுநாள் வந்து வாசலில் நின்றார். சமணக் குடும்பம், கடைத்தெருவில் கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கிற கடை. கரீம் பாயும் அவரும் சிநேகிதர்கள். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். பானு அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"நயினார் அண்ணே, அவருக்கு எப்டி வறுத்துக் குடுப்பீங்க?"

திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது. "எல்லாருக்கும் செவக்க வறுப்பேன்மா. பாய்க்கு மட்டும் கறுத்து, எண்ணெ மினுங்கணும். அதுக்கு மேல ஒரு நொடி போனாலும் கரியாப் பூடும்னு பக்கத்துலயே நிப்பாரு. சிக்கரின்னு மூச்சு உடக்கூடாது. அரைக்கிறது ரவைக்கும் மாவுக்கும் நடுவுல. ஒரு நாள் நல்லா நைசா அரைச்சிட்டேன். நயினாரே, நீ என் கூஜாவ அடைச்சிட்டன்னு ஒரு வாரம் பேசவே இல்ல."

"ரப்பரு வளையம் பூடுச்சிண்ணே."

"அது கலியபெருமாள் சைக்கிள் கடையில வெட்டறதும்மா. பழைய டியூபுல வெட்டித் தருவான். வெந்நீர்ல போட்டுக் கொதிக்க உட்டு எடுக்கணும், இல்லன்னா காப்பில ரப்பர் நாத்தம் அடிக்கும்பாரு. நான் வாங்கியாறேன்." புறப்படத் திரும்பியவர், "நான் அத்த ஒரு தபாதான் குடிச்சேன். அன்னிக்கி ராத்திரி பூரா கோட்டைக் காவல்காரன் மாதிரி முழிச்சிக்கினு இருந்தேன்" என்றார். சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பானுவுக்கு அவருக்காகக் கூட வருத்தப்பட வரவில்லை. தூள் சாயங்காலத்துக்குள் வருமா என்று மட்டும் கேட்டாள்.

வந்தது. வளையமும் வந்தது. கொதிக்க வைத்து மாட்டினாள். ஆவி வெளியே போகவில்லை, காப்பி ஏறியது. மேல்பாதி நிறையட்டும் என்று காத்திருந்தாள். கூஜா கடகடவென்று இரைந்து துப்பியது, வீடெல்லாம் தீய்ந்த வாசனை. ஜாஹிதா பேகம் கரண்டி நுனியில் தொட்டு நக்கிவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள். நல்லதாக இருந்தாலும் அவள் ஓடத்தான் ஓடியிருப்பாள் என்பதால் அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியவில்லை. பானு தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். வெந்நீர் மாதிரி இருந்தது. சரியா தப்பா என்று சொல்ல வேண்டிய நாக்கே படுத்துக் கிடந்தால் என்ன செய்வது?

ராத்திரி படுத்தபடி, அவர் என்ன செய்வார் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். கரியின்மேல் சாம்பலைத் தூவித் தணலை அடக்குவார். தூளை அழுத்தமாட்டார், சும்மா தட்டிச் சமன் செய்வார். மூடியைத் திறந்தே வைத்திருப்பார். காப்பி தேன் மாதிரி ஒழுகி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்து, நிறம் வெளுக்க ஆரம்பித்ததும், இரைச்சல் வருவதற்கு முன்னாலேயே, இடுக்கியால் பிடித்து இறக்கி ஈரத்துணிமேல் வைத்துவிடுவார். இவ்வளவையும் கண்ணால் பார்த்திருக்கிறாள். பார்த்தோம் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

பாத்திஹா அன்று காலையில் வீடு நிறைய ஜனம். முன்கட்டில் ஆண்கள், உள்ளே பெண்கள், கொல்லையில் நெய்ச்சோற்று அண்டா. பானு அடுப்படி மூலையில் சாம்பல் தூவிய தணலில் கூஜாவை வைத்து, மூடியைத் திறந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டியாக, செம்பழுப்பு நுரை கட்டிக்கொண்டு காப்பி மெல்ல ஒழுகி வந்தது. வெளுக்கும் நேரத்தில் இறக்கினாள். கூஜா இரையவே இல்லை.

கறிச்சோறு சாப்பிடாத அஜிததாஸ் நயினாரும் மரியாதைக்கு வந்து வாசலோரம் நின்றிருந்தார். வாசனை திரையைத் தாண்டிப் போயிருக்க வேண்டும். அவர் குரல் வந்தது.

"அம்மா, பாய் உள்ளே இருக்காப்பல இருக்குது."

சொன்னவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கடைத்தெருப் பக்கம் போய்விட்டார். அடுப்படியில் இருந்த பெண்கள் பானுவைப் பார்த்தார்கள். இப்போதாவது அழுவாள் என்று பார்த்தார்கள். காப்பி சரியாக வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். கிண்ணத்தில் ஊற்றித் தட்டில் வைத்து அனுப்பினாள்.

நெய்ச்சோறு, கறி, பேரீச்சம்பழம், சர்க்கரை, நடுவில் ஒரு கறுப்புக் கிண்ணம். ஹஜரத் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "மய்யித்துக்குப் பிரியம்னா வெக்கலாம், தப்பில்ல" என்று சொல்லி ஓதினார். ஓதி முடித்ததும் மற்றதெல்லாம் பறந்தது. கிண்ணம் மட்டும் கை மாறிக் கை மாறிப் போயிற்று. ஒருத்தருக்கு வயிற்றுப் புண், ஒருத்தருக்குப் பித்தம், ஒருத்தர் உதட்டில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் தள்ளினார். கடைசியில் குறையாமல் அப்படியே அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

"ஓதினத்தைக் கீழ கொட்டக் கூடாது. நீயே குடிச்சிடு" என்று சொல்லிவிட்டு, ஜாஹிதா பேகம் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.

ஜனம் கலைந்துவிட்டது. வீடு அமைதியானது. பானு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வழக்கம்போல் மூச்சைப் பிடித்து ஒரே மடக்கில் விழுங்கினாள். காப்பி ஆறிப்போயிருந்தது. கை தானாக மாடத்துக்குப் போய் வெறுமனே திரும்பி வந்தது. வாயில் போட்டு மூட ஒன்றும் இல்லை. அதனால் சும்மா உட்கார்ந்திருந்தாள். முதலில் நாக்கின் அடியில் கசந்தது. இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு ருசி தெரிந்ததே என்று நினைத்தாள். கசப்பு தொண்டைவரை போய், அங்கே நிற்காமல் மெல்லக் கரைந்தது. பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

தண்ணீர் இனித்தது. இன்னொரு மடக்குக் குடித்தாள். வாயெல்லாம் இனித்தது.

இத்தனை வருஷமும் அது இனிக்கத்தான் இனித்திருக்கிறது. இவள்தான் தினமும் வெற்றிலையைப் போட்டு அதை வரவிடாமல் அடைத்திருக்கிறாள்.

பானுவுக்கு உடம்பு சிலிர்த்தது. கூடத்துப் பக்கம் திரும்பி, அவர் எப்போதும் உட்காரும் இடத்தைப் பார்த்து, "இன்னாங்க, இனிக்குதுங்க!" என்று உரக்கச் சொன்னாள்.

சொல்லிவிட்டு, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

கிணற்றடியில் பாத்திரங்களைப் போட்டுவிட்டு ஜாஹிதா பேகம் ஓடி வந்து பார்த்தபோது, மெஹர் பானு காலிக் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி அழுதுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை என்று குறைபட்டவர்கள் எல்லோரும் நெய்ச்சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டிருந்தார்கள்.