சோபாக்காரர் தைத்த செல்

அறிவியல் கூடத்தில் அவளை எல்லாரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு குரல். வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் காட்டி விளக்குவது அவள் வேலை. வேலை என்று சொல்வதே பெரிய பேச்சு, வருஷக்கணக்காகத் தற்காலிகம். "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே இயக்குநர் இழுத்தடித்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை மட்டும் மனுஷன் வாயைத் திறந்து தெளிவாகச் சொல்லிவிட்டார். புதிதாக வைக்கப்போகும் விலங்கு செல் பிள்ளைகளுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் அவள் இடத்தைக் காலி பண்ண வேண்டியதுதான்.

செல் என்றால் கண்ணாடி அலமாரிக்குள் தூசி படிந்து கிடக்கும் பிளாஸ்டிக் உருண்டை இல்லை. பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து, உருண்டு புரண்டு தெரிந்துகொள்கிற மாதிரி, அறையில் பாதியை அடைக்கும் ஒரு மெத்தை செல். யோசனை மைக்குடையது. அதைத் தைக்கும் பொறுப்பைத் தன் அக்கா புருஷனிடம் ஒப்படைத்ததும் அவள்தான். அவர் சோபா செய்கிறவர். ஊசியைக் கையில் எடுத்தால் சோறு தண்ணி மறந்துவிடும். ஆனால் அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குவாரா என்றால், அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

திறப்பு நாள் காலையில் மைக் போர்வையை விலக்கிப் பார்த்தாள். நடுவில் சிவப்புத் திண்டாக நியூக்ளியஸ். சுற்றிலும் உருளைத் தலையணைகளாக மைட்டோகாண்ட்ரியா. சட்டைப் பொத்தான்களை வாரி இறைத்த மாதிரி ரைபோசோம்கள். கோல்கி உறுப்பை மடிப்பு மடிப்பாக அடுக்கித் தைத்திருந்த நேர்த்தியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எல்லாம் சரி. ஆனால் நாலு பக்கமும் கனத்த மரச்சட்டம் அடித்து, செல் பெட்டி மாதிரி விறைப்பாக நின்றது. பக்கத்தில் பெருமையாக நின்றிருந்த சோபாக்காரரை அவள் திரும்பிப் பார்த்தாள்.

"மாமா, சுத்தி இது என்ன?"

"சட்டம். சட்டம் இல்லாம சோபா எப்படிம்மா நிக்கும்?"

"இது சோபா இல்ல மாமா, விலங்கு செல். சுத்தி கெட்டியா சுவர் இருந்தா அது செடியோட செல். செடிக்கு எலும்பா இருக்கு? நிமிந்து நிக்கணும்னா ஒவ்வொரு செல்லுக்கும் சுவர் வேணும். நமக்கு வெறும் சவ்வுதான். மெல்லிசா, வளையற மாதிரி."

"அவ்வளவுதானே? செடின்னே சொல்லிடு. பச்சைத் துணி என்கிட்ட மூட்டை மூட்டையா கிடக்கு."

"பச்சைத் துணி பசுங்கணிகத்துக்கு ஆகும், சரி. நடுவுல இடத்தையெல்லாம் அடைச்சுக்கிட்டு ஒரு பெரிய தண்ணிப் பை வேணுமே, அதுக்கு எங்க போறது? வாசல்ல விலங்கு செல்லுனு பலகை வேற மாட்டியாச்சு. கழட்டுங்க மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் செஞ்சது எதுவும் இதுவரைக்கும் குழைஞ்சு விழுந்ததில்ல."

"இது குழையணும் மாமா. என் வேலையே அதுலதான் இருக்கு."

வேலை என்றதும் மனுஷன் அடங்கினார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிற முகத்தோடு ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றினார். கடைசிச் சட்டம் விலகியதும் செல் தொப்பென்று தளர்ந்து, பிசைந்து வைத்த மாவாகத் தரையில் பரவியது. "உயிர் போயிடுச்சு" என்றார் சோபாக்காரர். "இப்பதான் வந்திருக்கு" என்றாள் மைக். சொன்னாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை.

இயக்குநர் ஒரு வகுப்புப் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார். அவர் பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? மைக் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினாள். நியூக்ளியஸ் உத்தரவு போடும், மைட்டோகாண்ட்ரியா சக்தி கொடுக்கும், ரைபோசோம் புரதம் தயாரிக்கும். ஒரு பையன் கொட்டாவி விட்டான். அது அடுத்தவனுக்குத் தொற்றி, வரிசை முழுக்கப் போனது.

"கொஞ்சம் உயிரோட்டமா சொல்லும்மா" என்று அலுத்துக்கொண்டே இயக்குநர் செல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே உள்ளே போனார். சவ்வாகத் தைத்திருந்த துணி அவரைச் சுற்றி எழும்பி, வயிறு, தோள், வழுக்கை என்று வரிசையாக மூடிக்கொண்டது. வெளியே மிஞ்சியது செருப்புப் போட்ட இரண்டு கால்கள்தான். மைக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழக்கதோஷம், வாய் மட்டும் ஓடியது.

"பாருங்க பிள்ளைங்களா, ரத்தத்துல இருக்கற வெள்ளையணு ஒரு கிருமியப் பாத்தா இப்படித்தான் வளைச்சு முழுங்கும்."

கிருமி என்றது யாரை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பிள்ளைகள் சிரித்துச் சிரித்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள்.

"சுத்தி சுவர் இருந்தா இப்படி முழுங்க முடியுமா?"

"முடியாது" என்று கூடமே அதிர்ந்தது.

"அடுத்து என்ன ஆகும்க்கா?" என்றாள் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி.

"லைசோசோம் வரும். உள்ள வந்ததச் செரிச்சிடும்."

"யாரும் செரிக்க வேண்டாம்" என்று செல்லுக்குள்ளிருந்து குரல் வந்தது. "முதல்ல வெளிய எடுங்க."

"வெளிய அனுப்பறதுக்கு மூட்டை கட்டித் தர்றது கோல்கி. அந்த மடிப்புப் பக்கம் போய் எல்லாரும் சேர்ந்து தள்ளுங்க."

பிள்ளைகள் பாய்ந்து விழுந்து தள்ளினார்கள். இயக்குநர் எதிர்ப்பக்கமாக வழுக்கி வெளியே வந்து விழுந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு காதில் தொங்கியது. "அடுத்து என்னை முழுங்கச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் முண்டியடித்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை, மைக்கை மட்டும் பார்த்தார். தொலைந்தது பிழைப்பு என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. அக்காவிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது?

"இது ஆபத்தான செல்" என்றார் இயக்குநர், சட்டையை இழுத்து விட்டுக்கொண்டே. "உள்ள போனவங்கள எப்படி வெளிய எடுக்கறதுன்னு இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான் தெரியுது. இவ இல்லாம யாரும் இதுல கால் வைக்கக் கூடாது. இன்னைக்கு மட்டும் இல்ல, என்னைக்குமே."

சோபாக்காரர் மெல்ல முன்னால் வந்தார். "அப்ப எங்க பொண்ணுக்கு வேலை நிரந்தரமா சார்?"

"இந்தச் செல் கிழியற வரைக்கும் இவ இருந்தாகணும்."

மைக் அழுதேவிட்டாள். சோபாக்காரர் குனிந்து சவ்வின் ஓரத்தைப் பிடித்து, பலம் கொண்ட மட்டும் இழுத்துக் காட்டினார்.

"ரெட்டைத் தையல் சார். நீங்க ரிட்டயர் ஆயிடுவீங்க, இது கிழியாது."